மதிய வெயிலில் மட்டும் ஸ்டார்ட் ஆகாத கார்

எங்கள் குழுவின் கார் 2003 மாடல். நான்கு சிலிண்டர், பெட்ரோல், எம்பிஎஃப்ஐ. நான்கு பேர் பணம் போட்டு, மூன்றாவது ஓனரிடமிருந்து வாங்கியது. கம்பெனி பெயர் இங்கே தேவையில்லை. அந்த வயது வண்டி எதுவாக இருந்தாலும் இங்கே எழுதப்போவதில் பாதியாவது பொருந்தும். பழைய காரை வைத்துக்கொண்டு கிராமம் கிராமமாக அலையும் தோழர்கள் நிறைய பேர் இருக்கிறீர்கள். உங்களில் சிலர் "அந்த ஸ்டார்ட்டிங் பிரச்சினை என்ன ஆச்சு?" என்று கேட்டிருந்தீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

பிரச்சினை இதுதான். காலையில் சாவியைத் திருப்பினால் அரை நொடியில் பிடித்துவிடும். செஞ்சியிலிருந்து விழுப்புரத்துக்கு நாற்பது கிலோமீட்டர், ஒரு குறையும் சொல்லாமல் ஓடும். எங்காவது நிறுத்திவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து வந்தால் பிடிக்காது. செல்ஃப் நன்றாக அடிக்கும், இன்ஜின் சுற்றும், ஆனால் ஸ்டார்ட் ஆகாது. சாயங்காலம் வரை விட்டுவிட்டால் தானாகவே சரியாகிவிடும்.

"ஸ்டார்ட் ஆகல" என்று சொல்கிறோமே, அதில் இரண்டு வேறு வேறு விஷயங்கள் இருக்கின்றன. இதைப் பிரிக்காமல் மெக்கானிக்கிடம் போனால் பணம் போகும். சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றவே இல்லை, 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது அல்லது அதுவும் இல்லை என்றால், அது பேட்டரி, டெர்மினல், எர்த் கேபிள், செல்ஃப் மோட்டார் பக்கம். இன்ஜின் வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியையும் செல்ஃப் மோட்டாரையும் பெரும்பாலும் மறந்துவிடலாம். அப்போது பெட்ரோல் வருகிறதா, ஸ்பார்க் வருகிறதா, இரண்டும் சரியான நேரத்தில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். எங்களுடையது இரண்டாவது வகை.

டவுனில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். காலை ஒன்பதரைக்கு விடச் சொன்னார்கள். ஒன்பதரைக்கு அது நல்ல பிள்ளையாக ஸ்டார்ட் ஆனது. "வண்டி நல்லாத்தானே இருக்கு?" என்றார்கள். பிறகு ஸ்பார்க் பிளக் நான்கையும் மாற்றினார்கள், பெட்ரோல் ஃபில்டரை மாற்றினார்கள். அடுத்த வாரம் மறுபடியும் நின்றது. இந்த முறை டேங்கில் இருக்கும் பம்பை மாற்றினார்கள். பம்புக்கும் கூலிக்கும் சேர்த்து 6,800 ரூபாய். பத்து நாள் நன்றாக ஓடியது. அந்தப் பத்து நாளும் கோடை மழை என்பது பிறகுதான் கணக்கில் வந்தது. மூன்றாவது முறை போனபோது, "ஈசிஎம் போயிருக்கும், பழசு ஒண்ணு புதுப்பேட்டையில எடுக்கலாம், பதினாலாயிரம் ஆகும்" என்றார்கள். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டோம். மற்ற எல்லாவற்றையும் மாற்றிவிட்டோம், மீதி இருப்பது அதுதான் என்றார்கள். ஈசிஎம் என்பது இன்ஜினுக்கு எப்போது எவ்வளவு பெட்ரோல், எப்போது ஸ்பார்க் என்று முடிவு செய்யும் சின்ன கம்ப்யூட்டர். கார்புரேட்டரில் பழகிய பல ஒர்க்‌ஷாப்களில் இன்றும் அது ஒரு பேய்தான். காரணம் தெரியாத எதையும் அதன் தலையில் கட்டிவிடலாம், அது வாய் திறந்து மறுக்காது.

இதற்கு நடுவில் ஏப்ரல் கடைசியில் ஒரு நாள். ஒரு வன்கொடுமை வழக்கில் சாட்சி சொல்ல ஓர் அக்காவை விழுப்புரம் நீதிமன்றத்துக்கு அழைத்துப் போயிருந்தோம். வழக்கைப் பற்றி இங்கே எழுதவில்லை, நடந்துகொண்டிருக்கிறது. சாட்சிகள் வந்துபோக வாகன வசதியையும் பயணப்படியையும் மாவட்ட நிர்வாகம் செய்துதர வேண்டும் என்று வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995இல் 11ஆம் விதி இருக்கிறது. அந்த விதி நடைமுறையில் எப்படி வந்து சேர்கிறது என்பதற்கு எங்கள் 2003 மாடலே சாட்சி.

பன்னிரண்டரைக்கு அக்காவின் சாட்சியம் முடிந்தது. சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு வந்தால் கார் பிடிக்கவில்லை. வெட்டவெளியில், கண்ணாடி ஏற்றி நிறுத்தியிருந்தது. எங்களுடன் இருந்த வழக்கறிஞர் தங்கை டாக்சிக்குப் போன் போட்டார், இரண்டு பேரும் வெளியூர் டிரிப்பில் இருந்தார்கள். பஸ் இருக்கிறது. ஆனால் அந்த ஊருக்கு மாலையில் ஒரே பஸ், எதிர்த்தரப்பும் அதே பஸ்ஸில்தான் ஏறும். அக்கா அன்று கூண்டில் நின்று யாரைக் கைகாட்டினாரோ, அவர்கள் தெருவைக் கடந்துதான் காலனிக்குப் போக வேண்டும். வெளிச்சம் இருக்கும்போதே அவரை வீட்டில் விட வேண்டும் என்பதுதான் எங்கள் திட்டமே.

கார் தன் வழக்கப்படி ஐந்து நாற்பதுக்குத்தான் பிடித்தது. வெயில் தாழ்ந்தால் சரியாகும் நோய். எங்களுக்கோ வெயில் தாழ்வதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டும். ஏழே காலுக்கு ஊர் எல்லையைத் தொட்டோம். அக்காவின் தம்பிகள் டார்ச்சோடு மெயின் ரோட்டுக்கே வந்து நின்றிருந்தார்கள். அன்று ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் வழியெல்லாம் அந்த அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நடுவுல நின்னுடாதே, பாப்பா?" அடுத்த வாய்தா ஜூன் முதல் வாரம். அதற்குள் இதைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தோம்.

முதலில் செய்தது ஒர்க்‌ஷாப் வேலை இல்லை, எழுத்து வேலை. பயணக் கணக்குக்காக ஒரு லாக் புத்தகம் வைத்திருக்கிறோம். எத்தனை மணிக்குக் கிளம்பினோம், எங்கே நிறுத்தினோம், எத்தனை கிலோமீட்டர், யார் ஓட்டினார்கள் எல்லாம் அதில் இருக்கும். சமூகவியல் எம்.ஏ. படித்ததில் எங்களுக்குக் கையோடு வந்த பழக்கம் ஒன்று உண்டு. ஏன் நடந்தது என்று கேட்பதற்கு முன்னால் எப்போதெல்லாம் நடந்தது, எப்போதெல்லாம் நடக்கவில்லை என்று இரண்டு பத்தி போட்டு எழுதிவிடுவோம். அப்படி எழுதினோம். பதினோரு முறை நின்றிருக்கிறது. பதினொன்றும் பகல் பன்னிரண்டுக்கும் நான்குக்கும் இடையில். பதினொன்றும் வெயிலில் நிறுத்தியபோது, குறைந்தது முக்கால் மணி நேரம் நிறுத்திய பிறகு. மழை நாளில் ஒருமுறைகூட இல்லை. மரத்தடியில் நிறுத்தியபோது ஒருமுறைகூட இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருமுறைகூட அணைந்ததில்லை. மதிய நேரம் டீக்கடையில் ஐந்து நிமிடம் நிறுத்தி எடுத்தபோதெல்லாம் பிடித்திருக்கிறது.

இந்தக் கடைசி இரண்டையும் கவனியுங்கள். இன்ஜின் சூட்டால் வரும் கோளாறு என்றால், ஓடி நிறுத்திய ஐந்து பத்து நிமிடத்தில்தான் அது அதிகமாகத் தெரிய வேண்டும், ஏனென்றால் நிறுத்தியதும் பானெட்டுக்குள் சூடு ஏறும். கிராங்க் சென்சார் கெட்டால் பெரும்பாலும் அப்படித்தான். ஓடும்போதே பட்டென்று அணையும், அரை மணி நேரம் ஆறவிட்டால் பிடிக்கும். எங்கள் காரில் அது இல்லை. இன்ஜின் ஆறி, காரின் உள்பக்கம் வெந்த பிறகுதான் நோய் வருகிறது. கோளாறு பானெட்டுக்குள் இல்லை, நாம் உட்காரும் இடத்தில் எங்கோ இருக்கிறது. ஒரு ஸ்பேனர்கூடத் தொடாமல் இவ்வளவு தூரம் வரலாம்.

இந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு திண்டிவனம் ரோட்டில் தகரக் கொட்டகை போட்டிருக்கும் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனோம். அறுபது வயது இருக்கும். லாரி வயரிங்கில் தொடங்கியவர். சின்ன வயதில் டேப் ரெக்கார்டர், ரேடியோ ரிப்பேரும் பார்த்தவர். காகிதத்தை இரண்டு முறை படித்தார்.

"காலையில வராதீங்க தம்பி. ஒரு மணிக்கு வாங்க. வந்து அந்த வெயில்ல நிறுத்துங்க, கண்ணாடிய ஏத்திடுங்க. நோவு வரும்போதுதான் நாடி பாக்கணும்."

ஒன்பதரைக்கு விடச் சொன்ன ஒர்க்‌ஷாப்புக்கும் இவருக்கும் இதுதான் வித்தியாசம். எங்கள் வேலையில் இதை நிறைய பார்க்கிறோம். தீண்டாமை இருக்கிறதா என்று விசாரிக்க அதிகாரிகள் பகல் பதினோரு மணிக்குப் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு வருவார்கள், எல்லோரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள், "இங்கே எல்லாரும் ஒற்றுமை" என்று எழுதிப் போவார்கள். காலை ஆறு மணிக்கு டீக்கடையில் நின்று பார்த்தால்தானே தெரியும். சரி, காருக்கு வருவோம்.

மறுநாள் ஒரு மணிக்கு நிறுத்தினோம். இரண்டே காலுக்குச் சாவி போட்டார். வண்டி பிடிக்கவில்லை. அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். "யாரும் மறுபடி செல்ஃப் அடிக்காதீங்க" என்றார். அதற்கு இரண்டு காரணம் சொன்னார். ஒன்று, பேட்டரி இறங்கிவிட்டால் அடுத்து பார்க்கும் சோதனை எல்லாம் பொய்யாகிவிடும். இரண்டு, இன்ஜெக்டர் பெட்ரோல் ஊற்றி, ஸ்பார்க் வராமல் இருக்கும் வண்டியில் விடாமல் செல்ஃப் அடித்தால், எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், சூடான பிறகு கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும்.

பிறகு அவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறோம். எல்லாம் சேர்த்து நாற்பது நிமிடம்.

முதலில் பேட்டரி. மீட்டரில் 12.5 வோல்ட். ஒரே ஒரு முறை செல்ஃப் அடித்தபோது 10.4க்கு இறங்கியது. 9.6க்குக் கீழே போனால்தான் பேட்டரியைச் சந்தேகப்படுவாராம். பிறகு சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்பி டேஷ்போர்டைப் பார்த்தார். செக் இன்ஜின் லைட் எரிந்து, இரண்டு நொடியில் அணைந்தது. இந்த லைட்டை எல்லோரும் எரிந்தால் கெட்டது என்று மட்டும் நினைக்கிறோம். சாவி போட்டதும் அது எரியாவிட்டால்தான் பெரிய கெட்டது. ஈசிஎம்முக்குக் கரண்டே போகவில்லை அல்லது பல்பு போய்விட்டது என்று பொருள். எரிந்து அணைந்ததால், கம்ப்யூட்டர் விழித்திருக்கிறது.

அடுத்து, எங்களில் ஒருவரைப் பின்சீட்டில் காதை வைத்துப் படுக்கச் சொன்னார். ரோட்டில் லாரி போகாத நேரம் பார்த்துச் சாவியை 'ஆன்' செய்தார். நல்ல இன்ஜெக்‌ஷன் வண்டியில் சாவி போட்டதும் டேங்க் பக்கமிருந்து இரண்டு நொடி 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் வரும். பம்ப் ஓடி, லைனில் பிரஷர் ஏற்றிக்கொள்ளும் சத்தம் அது. கார்புரேட்டருக்குப் பெட்ரோல் சும்மா வந்து சேர்ந்தால் போதும். இன்ஜெக்டருக்கு இரண்டரை, மூன்று பார் பிரஷர் வேண்டும். அந்தச் சத்தம் வரவில்லை. உங்கள் கார் எதுவானாலும், நன்றாக இருக்கும் நாளில் இந்தச் சத்தத்தைக் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். கெட்ட நாளில் அது இல்லை என்பது தெரிய வேண்டுமே.

பம்ப் ஓடவில்லை என்றால் பம்ப் கெட்டது என்று பொருளா? ஒர்க்‌ஷாப் அப்படித்தான் முடிவு செய்தது. பெரியவர் பின்சீட்டைத் தூக்கி, பம்ப் சாக்கெட்டைக் கழற்றினார். டெஸ்ட் லைட்டின் ஒரு முனையை எர்த்தில் மாட்டி, மறுமுனையைச் சாக்கெட்டில் வைத்தார். சாவி போட்டால் பல்பு எரிய வேண்டும். எரியவில்லை. அந்தப் பம்புக்குக் கரண்டே வரவில்லை. சம்பளம் கொடுக்காத ஆளை வேலை செய்யவில்லை என்று மாற்றியிருக்கிறார்கள். பிறகு பல்பைப் பாசிட்டிவில் மாட்டி, பம்பின் எர்த் வயரைத் தொட்டார். எரிந்தது. எர்த் நன்றாக இருக்கிறது.

மீட்டர் இருக்கும்போது ஏன் பல்பு என்று கேட்டோம். நல்ல பதில் சொன்னார். வயர் உள்ளே அறுந்து ஓர் இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்டை இழுக்காது. பல்பு இழுக்கும். இழுத்தால்தான் அந்த வயரால் வேலை செய்ய முடியுமா என்று தெரியும். பட்டா பெயரில் இருக்கும், நிலம் வேறு யாரோ கையில் இருக்கும் பஞ்சமி நில ஊர்களைப் பார்த்தவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இதே பல்பை ஈசிஎம் வயர்களில் வைக்கக் கூடாது. பல்பு இழுக்கும் கரண்டைக் கம்ப்யூட்டரின் மெல்லிய சர்க்யூட் தாங்காது. அதற்கு அவர் ரெசிஸ்டர் வைத்த எல்இடி டெஸ்டர் ஒன்றைத் தானே செய்து வைத்திருந்தார், காலிப் பேனாக் கூட்டுக்குள்.

பம்புக்கு முன்னால் இருப்பது ரிலே. ரிலே என்பது காந்தத்தால் வேலை செய்யும் ஒரு சுவிட்ச். ஈசிஎம் சின்ன கரண்டால் அதற்கு உத்தரவு கொடுக்கும், அது பம்புக்குப் பெரிய கரண்டைத் திறந்துவிடும். எங்கள் காரில் ஈசிஎம்முக்கான ரிலேயும் பம்புக்கான ரிலேயும் ஒரே டப்பாவில், டிரைவர் பக்கம் டேஷ்போர்டுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. பெரியவர் மல்லாந்து படுத்து, தலையைப் பெடல்களுக்கு நடுவில் விட்டு, அதைக் கீழே இறக்கினார். அறுபது வயதில், மே மாத மதியம், அந்த அடுப்புக்குள்.

ரிலேக்குள் போகும் வயரில் பல்பு எரிந்தது. ஃபியூஸ் நல்லது, சாவி சுவிட்ச் நல்லது. வெளியே வரும் வயரில் எரியவில்லை. இப்போது கடைசிக் கேள்வி: ரிலேதான் கெட்டதா, அல்லது ஈசிஎம் உத்தரவே கொடுக்கவில்லையா? பதினாலாயிரம் ரூபாய்க் கேள்வி. எல்இடி டெஸ்டரைப் பாசிட்டிவில் மாட்டி, ஈசிஎம் உத்தரவு வரும் வயரைத் தொட்டுக்கொண்டு சாவி போடச் சொன்னார். எல்இடி சரியாக இரண்டு நொடி எரிந்து அணைந்தது.

"கம்ப்யூட்டர் சொல்லிட்டான். இவன்தான் கேக்கல."

ஸ்குரூ டிரைவர் பிடியால் டப்பாவை இரண்டு தட்டு தட்டினார். பின்சீட்டிலிருந்து 'ம்ம்ம்' வந்தது. செல்ஃப் அடித்தார், உடனே பிடித்தது.

டப்பாவைக் கழற்றி, மூடியை நெம்பித் திறந்து, உள்ளே இருந்த போர்டைத் திருப்பிப் பார்த்தார். வாட்ச் ரிப்பேர்காரர்கள் கண்ணில் வைக்கும் லென்ஸை எங்களிடம் கொடுத்தார். ஈயம் வைத்த ஒரு பின்னைச் சுற்றி முடி அளவுக்கு ஒரு கறுப்பு வளையம். அதுதான் விரிசல். பின் ஓர் உலோகம், ஈயம் வேறு, போர்டு வேறு. சூட்டில் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவுக்கு விரியும், ஆறினால் ஒவ்வோர் அளவுக்குச் சுருங்கும். வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரில் டேஷ்போர்டு 60 டிகிரியைத் தாண்டும். இருபது கோடையாகத் தினமும் இப்படி விரிந்து சுருங்கி, ஈயம் பின்னை விட்டுவிட்டது. ஆறியிருக்கும்போது இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும், சூடேறினால் விலகும். காரின் உள்ளே வெந்தால் மட்டும் நிற்பதற்கும், மரத்தடியில் ஓடுவதற்கும், மழையில் பத்து நாள் 'சரியானதற்கும்' இந்த ஒரு முடியளவு இடைவெளிதான் காரணம். ஓடும்போது ஏன் அணையவில்லை என்றால், ஓடும் காரில் கண்ணாடி இறங்கியிருக்கும் (எங்கள் காரில் ஏசி பேருக்குத்தான்), காற்று வரும், அந்த அளவுக்கு வேகாது.

பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, எல்லாப் பின்னுக்கும் புதிதாக ஈயம் வைத்தார். மறுபடி மூடி மாட்டினார். 250 ரூபாய் கேட்டார். எவ்வளவு சொல்லியும் அதற்கு மேல் வாங்கவில்லை, டீ மட்டும் குடித்தார். ஒர்க்‌ஷாப்பிலிருந்து கேட்டு வாங்கி டிக்கியில் போட்டிருந்த பழைய பம்பைக் காட்டினோம். டேங்கிலிருந்து தள்ளி, திறந்தவெளியில், பெட்ரோல் வாடை இல்லாமல் துடைத்துவிட்டு, ஒரு நொடி கரண்ட் கொடுத்துப் பார்த்தார். சுற்றியது. "இது இன்னும் பத்து வருஷம் வரும். வச்சிக்குங்க." கழற்றிய பாகத்தை எப்போதும் கேட்டு வாங்குங்கள். கேட்பது உங்கள் உரிமை, அது உங்கள் பொருள்.

அவரிடம் ஒருநாள் முழுக்க உட்கார்ந்து மற்றதையும் கேட்டுக்கொண்டோம். எல்லோருக்கும் எங்கள் ரிலே நோய் வராது. அதனால் சிலவற்றைச் சொல்கிறோம்.

பம்ப் சத்தம் கேட்கிறது, ஆனாலும் பிடிக்கவில்லை என்றால் ஸ்பார்க்கைப் பாருங்கள். ஒரு பழைய பிளக்கை வயரில் மாட்டி, அதன் உலோகப் பகுதி இன்ஜினில் நன்றாகத் தொடும்படி வைத்து, செல்ஃப் அடித்தால் நீலமாகப் பொறி வர வேண்டும். பிளக்கை எர்த்தில் தொடாமல் அந்தரத்தில் விட்டு அடிக்காதீர்கள், காயிலும் இக்னைட்டரும் போய்விடும். கையிலும் பிடிக்காதீர்கள். ஸ்பார்க்கும் இல்லை, இன்ஜெக்டரும் அடிக்கவில்லை என்றால் இரண்டையும் தனித்தனியாகத் தேடுவது வீண். இரண்டுக்கும் பொதுவானது கிராங்க் சென்சார். இன்ஜின் சுற்றுகிறது என்ற சேதி வராவிட்டால் ஈசிஎம் எதற்கும் உத்தரவு கொடுக்காது, பம்பையும் இரண்டு நொடியோடு நிறுத்திவிடும். இது வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு. விபத்தில் இன்ஜின் அணைந்த பிறகும் பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டிருக்கக் கூடாது அல்லவா. செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் கொஞ்சம் துள்ளுகிறதா என்று பார்த்தால் சென்சாரைப் பற்றி ஒரு குறிப்பு கிடைக்கும். எல்லா வண்டியிலும் இதை நம்ப முடியாது.

பெட்ரோல் வாடை குப்பென்று வந்து, பிளக் ஈரமாக இருந்தால் இன்ஜின் மூழ்கியிருக்கிறது. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டே செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அப்படி மிதித்தால் செல்ஃப் நேரத்தில் ஈசிஎம் பெட்ரோலை நிறுத்திவிடும், காற்று மட்டும் போய் உலர்த்தும். இது அடிக்கடி நடந்தால் கூலன்ட் வெப்ப சென்சாரைப் பாருங்கள். அது பொய் சொன்னால், நம் ஊர் வெயிலிலும் வெளியே பனி கொட்டுகிறது என்று நினைத்து ஈசிஎம் பெட்ரோலை அள்ளி ஊற்றும். சாவி படம் போட்ட லைட் விடாமல் மினுக்கினால் இம்மொபிலைசர் உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை, வேறு எதையும் கழற்ற வேண்டாம். கொஞ்ச நாள் ஓட்டாமல் நிறுத்தி வைத்த வண்டி என்றால் முதலில் எலி. பானெட்டைத் திறந்து வயர்களைத் தடவிப் பாருங்கள்.

பிஎஸ் 4 வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு சின்ன ஸ்கேனரை மாட்டிக் கோடு பார்த்துவிடலாம் என்பார்கள். பாருங்கள். ஆனால் எங்கள் ரிலே விரிசலுக்கு எந்தக் கோடும் வந்திருக்காது. உத்தரவு கொடுத்தது வரைதான் எங்கள் ஈசிஎம்முக்குத் தெரியும், அது நிறைவேறியதா என்று அதற்குத் தெரியாது.

தள்ளி ஸ்டார்ட் செய்வதைப் பற்றியும் கேட்டோம், ஏனென்றால் எங்கள் வண்டி நின்றபோதெல்லாம் யாராவது நான்கு பேர் தள்ள வந்தார்கள். பேட்டரி கொஞ்சம் இறங்கியிருந்தால் தள்ளலாம். பம்ப் ஓடாத வண்டியை விழுப்புரம் வரை தள்ளினாலும் பிடிக்காது.

ஜூன் வாய்தாவுக்கு அந்த அக்காவின் அண்ணன் மகளும் சாட்சியாக வர வேண்டியிருந்தது. காலையில் இருவரையும் ஏற்றிக்கொண்டு போனோம். மரத்தடி இடம் கிடைக்கவில்லை, அதே வெட்டவெளியில்தான் நிறுத்தினோம். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைத்தோம். ஒன்றரைக்கு வந்து சாவி போட்டபோது யாரும் பேசவில்லை. பின்சீட்டில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு அந்த முனகல் கேட்டிருக்கிறது. "என்னமோ கத்துதே, கெட்டுப்போச்சா?" என்றார். மூன்றேகால் மணிக்கெல்லாம் அவர்களை வீட்டு வாசலில் இறக்கிவிட்டோம், பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து இன்னும் வந்திருக்கவில்லை.

இப்போது காரில் ஒரு டெஸ்ட் லைட், நான்கைந்து ஃபியூஸ், ஃபியூஸ் கோத்த ஒரு முழ வயர் இருக்கின்றன. அந்த வயரை வைத்து ரிலேயைத் தாண்டிப் பம்புக்கு நேராகக் கரண்ட் கொடுக்கப் பெரியவர் சொல்லிக்கொடுத்தார், வீடு போய்ச் சேரும் வரை மட்டும், பம்ப் தானாக நிற்காது என்பதை மறக்காமல். புதுப்பேட்டையிலிருந்து 400 ரூபாய்க்கு ஒரு பழைய ரிலேயும் எடுத்து வந்தோம். அதன் மூடியைத் திறந்து பார்த்தால் அதிலும் இரண்டு பின்களில் அதே கறுப்பு வளையம். ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு திண்டிவனம் ரோட்டுக்குப் போகிறோம். ஈயம் வைக்க எங்களுக்கே கற்றுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.